கொல்லிமலைச் சாமை

நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையில், மலையாளிகள் எனப்படும் மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய தானியங்களை மானாவாரியாகப் பயிரிட்டு வந்திருக்கின்றனர். சாமையில் மட்டும் கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, பெருஞ்சாமை எனப் பல ரகங்கள் அங்குண்டு.

இவ்வாறு பல ரகங்களைக் காத்து வந்தது வீண் வழக்கமன்று. அவற்றுட் சில சீக்கிரம் முற்றுவன. சில நீண்ட நாள் நிற்பன. மழை பிந்திய வருஷத்தில் குறுகிய வயதுடைய ரகம் கைகொடுக்கும். ஒன்று பொய்ப்பினும் மற்றொன்று பலன் தரும்.

மாறுதலின் காரணங்கள்

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் மரவள்ளி இம்மலையில் மிகுதியாகப் பரவியது. சமவெளியிலுள்ள ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை ரொக்கத்திற்கு வாங்கின. சாமையையோ பெண்கள் உரலிலிட்டுக் குற்றி உமி நீக்க வேண்டியிருந்தது. இவ்வுழைப்பின் கடுமையும் சாமை குறைந்ததற்கு ஒரு முக்கிய காரணமாகும்.

மரவள்ளியால் பணம் கிடைப்பது உண்மையே. ஆயினும், இடைவெளி விட்டு நடப்பெறும் அப்பயிர் தழைத்து மூடும் வரையில், சரிவான நிலம் மழைக்குத் திறந்து கிடக்கிறது. கிழங்கைப் பிடுங்குங்கால் மண் மீண்டும் கிளறப்படுகிறது. இதனால் மேல்மண் அரித்துச் செல்லப்படுகிறது.

இப்பொழுது மழையின் போக்கும் மாறி வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால், காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் மிகும். ஆகவே பெய்யுங்கால் கனத்த மழையாகப் பெய்வதும், இடையே வறட்சி நீடிப்பதும் அதிகரிக்கின்றன. பல வயதுள்ள விதைகள் முன்னிலும் அவசியமாகும் காலம் இதுவே.

செய்யத்தக்கவை

1. மரவள்ளியை அடியோடு விட வேண்டுவதில்லை. சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட்டு, இடையில் பயறு வகைகளை விதைத்தால் மண் காக்கப்படும்.

2. நிலத்தில் ஒரு பாகத்தையேனும் சாமைக்கு ஒதுக்கி, வெவ்வேறு வயதுள்ள இரண்டு ரகங்களையாவது விதைத்தல் நலம்.

3. அறுவடைக்கு முன் திரண்ட கதிர்களைத் தெரிந்தெடுத்து, ரகவாரியாக உலர்த்திச் சேமிக்க வேண்டும்.

4. உமி நீக்கும் சிறு இயந்திரத்தை ஊர்ப் பொதுவில் அமைத்துக் கொள்ளலாம். 1988-ல் நிறுவப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால், இம்மலையில் இத்தகைய இயந்திரங்கள் அமைந்து, பெண்களின் சிரமம் குறைந்தது.

விதைக்காது விட்ட ரகம் சில வருஷங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும்; பின்னர் எவ்விலை கொடுத்தும் அதைப் பெற இயலாது. ஆதலின், வீட்டில் எஞ்சியுள்ள பழைய விதையை இப்பருவத்திலேயே ஒரு சிறு பாத்தியிலேனும் விதைத்துப் பெருக்கி வைப்பது குடியானவர்களுக்குப் பெரிதும் அனுகூலமாகும்.