அவசரப்படுத்துற பொத்தானை நம்பாதீங்க



தை மாதம் 5ஆம் நாள் மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையார் தென்பெண்ணை ஆற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். வெளியூரில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளும் அன்றைக்கு ஊர் வந்து சேருவார்கள். இந்த முறை அப்படி வந்த ஒரு பெண்ணை, மறுநாள் குழுக் கூட்டத்தில் பேச அழைத்தோம். நமது உறுப்பினர் ஒருவரின் மகள். சென்னையில் இணையப் பக்கமும் செல்போன் ஆப்பும் தயாரிக்கிற வேலை. "செல்போனைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை சொல்லும்மா" என்றோம். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது இது:

"நேத்து வளையல் கடைக்குப் போனீங்களே பெரியம்மா, விலை கேக்கறதுக்கு முன்னாடியே கடைக்காரர் வளையலைக் கையில மாட்டிட்டார் இல்ல? அப்புறம் கழட்ட மனசு வருதா? என் வேலையும் அதுதான். ஒங்க விரல் எங்க வந்து நிக்கும்னு பாத்து, அங்க பொத்தானை வெக்கறது."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் கூட்டம் முடியும்போது யாரும் சிரிக்கவில்லை. அன்று பேசியதையே இந்த மாதப் பாடமாகத் தருகிறோம்.

நிற்காத ராட்டினம்

"ராட்டினக்காரர் காசுக்கு உண்டான சுத்து முடிஞ்சா நிறுத்திடுவார். போன்ல வர்ற ரீல்ஸ் நிக்கவே நிக்காது. ஏன்னா நீங்க எறங்கிட்டா எங்களுக்கு நஷ்டம்" என்றார் அந்தப் பெண்.

உண்மைதான். முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு நாமே அழுத்திப் போக வேண்டும். தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வருகிற முறையை 2006இல் உருவாக்கியவர் ஆசா ராஸ்கின் என்பவர். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார். ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுத்தால் பன்னிரண்டு மணி ஆகிவிடுகிறதே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நிறுத்த முடியாதபடிதான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

தந்திரங்களுக்குப் பெயர் உண்டு

இப்படி ஆளை ஏமாற்றி அழுத்த வைக்கும் வேலைகளுக்கு 2010இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நாம் 'இருட்டுத் தந்திரம்' என்று சொல்லலாம். நமது நாட்டில் 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டு, தடை செய்து விதிமுறை வெளியிட்டது. அவற்றில் நாம் அன்றாடம் பார்க்கிற 5 வகைகள்:

1. பொய் அவசரம். "இன்னும் 2 நிமிடம் மட்டுமே" என்று கடிகாரம் ஓடும். மூடிவிட்டுத் திறந்தால் மறுபடி 2 நிமிடத்தில் இருந்து ஓடும்.

2. கேட்காமல் கூடையில் போடுவது. நாம் ஒரு பொருள் வாங்கப் போனால், இன்சூரன்ஸ், நன்கொடை என்று ஏதாவது தானாகவே டிக் அடித்துச் சேர்ந்திருக்கும்.

3. வெட்கப்பட வைப்பது. மறுக்க நினைத்தால், "வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை" என்று எழுதியிருப்பதைத்தான் அழுத்த வேண்டியிருக்கும்.

4. கண்ணுக்கு மறைப்பது. 'சம்மதம்' பச்சை நிறத்தில் பெரிதாக இருக்கும். 'வேண்டாம்' சாம்பல் நிறத்தில் மூலையில் கிடக்கும்.

5. சந்தா வலை. முதல் மாதம் 1 ரூபாய் என்று உள்ளே இழுப்பார்கள். பிறகு மாதாமாதம் கணக்கில் பணம் தானாகப் போகும். சேர ஒரு அழுத்து, விலகப் பத்து அழுத்து.

இதைக் கேட்ட ஒரு சகோதரி, "அப்ப நீயும் இந்த மாதிரி செஞ்சிருக்கியா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு தடவை வேணாம்னு சொன்னேன் அத்தை. மூணாவது தடவை செஞ்சு குடுத்துட்டேன். மாசம் பொறந்தா சம்பளம் வேணுமே" என்றார்.

ஒரு சகோதரியின் அனுபவம்

அந்தப் பெண் ஒளிக்காமல் பேசியதைக் கேட்டுத்தானோ என்னவோ, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நமது சகோதரி ஒருவர் எழுந்தார். (பெயரைப் போடவில்லை.) போன வருடம் பிள்ளையின் பீஸ் கட்ட ஒரு ஆப்பில் 5,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். சர்வீஸ் சார்ஜ் என்று 1,800 பிடித்துக்கொண்டு 3,200தான் கணக்கில் ஏறியது. ஏழே நாளில் 5,000 கட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,200 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,800. அதாவது நூற்றுக்கு 56 ரூபாய், அதுவும் ஒரே வாரத்துக்கு. நமது குழுவில் 2 ரூபாய் வட்டி. அதே 3,200க்கு ஒரு மாத வட்டி 64 ரூபாய்தான்.

5,000த்தையும் கட்டிய பிறகும் பாக்கி என்று போன் வந்தது. அவர் போட்டோவை அசிங்கமாக மாற்றி, போனில் இருந்த நம்பர்களுக்கு எல்லாம் அனுப்புவோம் என்று மிரட்டினார்கள். சிலருக்கு அனுப்பியும் விட்டார்கள்.

"ஏம்மா குழுவில கேக்கல?" என்று கேட்டோம்.

"பழைய கடனே பாக்கி இருந்துச்சி. திரும்ப கேட்டா எல்லார் முன்னாடியும் காரணம் சொல்லணும். போன்னா யார்கிட்டயும் சொல்லாதுன்னு நெனச்சேன்" என்றார்.

யாரிடமும் சொல்லாது என்று நம்பிய போன், அவருக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லிவிட்டது. இதில் எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. போனில் பணம் அனுப்பப் பயிற்சி கொடுத்தோம், பேலன்ஸ் பார்க்கக் கற்றுக் கொடுத்தோம். 'வேண்டாம்' பொத்தான் எங்கே இருக்கும் என்று ஒரு நாளும் சொல்லித் தரவில்லை.

அன்றைக்கே குழுவில் நான்கு பேர் கூடப் போய்ப் போலீசில் புகார் கொடுத்தார்கள். தெரிந்தவர்களிடம் எல்லாம், "அந்தப் படம் பொய், திறக்காதீங்க" என்று குழுவே சொன்னது. சில வாரங்களில் மிரட்டல் நின்றது. போன பணம் வரவில்லை. ஆனால் அந்தச் சகோதரி இப்போது தவறாமல் கூட்டத்துக்கு வருகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆப் கடனுக்கு 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிமுறை கொண்டுவந்தது. மொத்தச் செலவையும் சேர்த்து வருட வட்டி எவ்வளவு என்ற விவரத்தாளை முன்கூட்டியே தர வேண்டும். நம் போனில் உள்ள பெயர்ப் பட்டியல், போட்டோ, பேசிய விவரம் இவற்றை ஆப் எடுக்கக் கூடாது. ஆகவே கடன் ஆப் 'கான்டாக்ட்' பார்க்க அனுமதி கேட்டாலே அது சரியான ஆப் இல்லை என்று முடிவு செய்யுங்கள். மிரட்டிக் கடன் வசூலிப்பதைத் தடுக்க 2025இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்துள்ளது.

நமது குழு வழக்கமே நமக்குப் பாதுகாப்பு

செல்போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. உரிமைத்தொகை வந்த செய்தியும், ஊரக வேலைத் திட்டக் கூலியும், பிள்ளைகளின் பள்ளிச் செய்தியும் அதில்தான் வருகின்றன. குழுவில் நாம் எப்படி நடக்கிறோமோ, போனிலும் அப்படியே நடந்தால் போதும்.

• தீர்மானத்தை வாசித்துக் காட்டாமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. போனிலும் வாசிக்காமல் 'சம்மதம்' அழுத்தாதீர்கள். புரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

• நாம் யாரையும் அவசரப்படுத்திக் கடன் கொடுப்பதில்லை. அவசரப்படுத்துகிற ஆப்பை மூடிவிட்டு, ஒரு ராத்திரி கழித்துப் பாருங்கள்.

• பெட்டிச் சாவியை வெளியாள் கையில் கொடுப்பதில்லை. பின் நம்பரும் ஓடிபியும் நமது சாவி. பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும். பணம் வாங்க வேண்டியதில்லை.

• ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள். தாமதிக்காமல் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. பொருள் வாங்கியதில் ஏமாற்றம் என்றால் நுகர்வோர் உதவி எண் 1915.

அன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானமும் போட்டார்கள். அவசரத் தேவைக்கு என்று 3,000 ரூபாய் வரை தனியாக ஒதுக்குவது. கேட்பவர் கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டாம், ஊக்குநரிடம் தனியாகச் சொன்னால் போதும். கணக்கு மட்டும் நோட்டில் ஏறும். மற்ற குழுக்களும் இதை யோசிக்கலாம்.

உங்கள் கூட்டத்தில் பேச:

1. நமது குழுவில் யாராவது ஆப்பில் கடன் வாங்கியது உண்டா? குழுவில் கேட்கத் தடையாக இருந்தது என்ன?

2. ஒருவர் போனை எடுத்து, மாதாமாதம் தானாகப் பணம் போகிறதா என்று எல்லோரும் சேர்ந்து பாருங்கள்.

3. மேலே சொன்ன 5 தந்திரங்களில் நீங்கள் பார்த்தவை எவை?

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏமாந்தவர் யாராவது இருந்தால் திட்டாதீர்கள். முதலில் பக்கத்தில் உட்கார வையுங்கள்.