உதிரும் வாசற்படி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெங்களூரின் தனி வீடுகளில் காங்கிரீட் வாசற்படிகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் கெடுகின்றன. முதலில் படியின் மூக்கு பொடிந்து ஜல்லி வெளியே தெரியும். பிறகு பக்கவாட்டில் துருக்கறை இறங்கும். கடைசியில் ஒரு துண்டு அப்படியே பெயர்ந்து கையோடு வரும். இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில இந்த ஊருக்கே பொருந்தாதவை. செய்யப்படும் வைத்தியங்களில் பல, சேதத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வளர விடுபவை.

குளிர்தான் காங்கிரீட்டைப் பிளக்கிறது என்பது வெளிநாட்டுக் காணொளிகள் வழியே வந்த நம்பிக்கை. நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். பனி நாடுகளில் காங்கிரீட்டின் நுண்துளைகளில் தேங்கிய நீர் அப்படித்தான் படியை உடைக்கிறது. பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1884 ஜனவரியின் 7.8 டிகிரி செல்சியஸ்தான். இங்கே நீர் உறைய வழியில்லை.

இங்கே படியைக் கெடுப்பவை மழைநீரும் அடிமண்ணும். வீட்டின் சுவர், கெட்டியான மண்வரை தோண்டிக் கட்டிய சைஸ் கல் அஸ்திவாரத்தின் மேல் நிற்கிறது. படியோ, அந்த அஸ்திவாரக் குழியைச் சுற்றித் திருப்பிக் கொட்டிய மண்ணின் மேல் நிற்கிறது. அந்த மண்ணை அடுக்கடுக்காக நீர் தெளித்துத் திம்சுக் கட்டையால் இடித்திருக்க வேண்டும். அவசர வேலையில் முதலில் விட்டுப்போவது இதுதான். செப்டம்பர், அக்டோபர் மழையில் மண் அமுங்குகிறது; வீடு அசையாமல் நிற்க, படி மட்டும் இறங்குகிறது. இரண்டும் சேரும் இடத்தில் விழும் கீறல்தான் அடுத்த மழைநீருக்கு வாசல்.

“கம்பி போட்டிருக்கிறோம், அதனால் பயமில்லை” என்பது இன்னொரு நம்பிக்கை. கம்பி பாதுகாப்பாக இருப்பது அதைச் சுற்றிப் போதுமான காங்கிரீட் இருக்கும்வரைதான். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 கடுமை குறைந்த சூழலில்கூடப் பொதுவாக 20 மி.மீ. மறைப்பு கேட்கிறது, மழையில் நனையும் படிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஊற்றிய படியில் பாதி அளவுகூடக் கிடைப்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டின் காரத்தன்மையை மெல்லக் குறைக்க, ஈரம் சேர்ந்ததும் துரு பிடிக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது.

அதனால்தான், “சிமென்ட் பால் விட்டு மேலே ஒரு பூச்சு பூசினால் சரியாகிவிடும்” என்பது எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் நம்பிக்கை. உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்க, மேல்பூச்சு மட்டும் புதிதாக இருந்தால் அது ஓரிரு மழைக்காலங்களில் பாளமாகக் கழன்றுவிடும். சரியான பழுதுபார்ப்பு சுத்தியலில் தொடங்குகிறது. படி முழுவதும் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உட்பக்கம் விட்டுப்போன இடம் பொத்தென்று ஒலிக்கும். பொத்தென்ற பகுதி முழுவதையும் கொத்தி எடுக்க வேண்டும். விளிம்பை வெட்டி நேராக நிறுத்த வேண்டும். காகிதம்போல் மெலிந்து முடியும் ஒட்டு நிற்காது. கம்பியின் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு திறந்து, கம்பித் தூரிகையால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி தேய்ந்து 7 மி.மீ. ஆகிவிட்டால் அதன் குறுக்குப் பரப்பில் கிட்டத்தட்டக் கால் பங்கு போய்விட்டது என்று பொருள். பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்தாக வேண்டும். லேடக்ஸ் கலந்த ஒட்டுப்பூச்சு பூசினால் அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கலவையை வைத்து அழுத்த வேண்டும். காய்ந்துவிட்டால் அதுவே பழையதையும் புதியதையும் பிரிக்கும் படலமாகிவிடும்.

சிமென்ட் கூடினால் பலமும் கூடும் என்று நினைப்பதும் தவறு. சிமென்ட் மிகுந்த கலவை காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். கரணைக்கு இலகுவாக இருக்கட்டும் என்று ஊற்றும் கூடுதல் நீர் அதைவிடக் கெடுதல். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டைக் குறைசொல்வதும் நியாயமில்லை. ஐ.எஸ். 383 அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது; தூசி மிகுந்த மலிவான கல்பொடியை அந்தப் பெயரில் வாங்குவதில்தான் ஆபத்து.

மழைக்காலத்தில் கட்டினால் தனியாக நீராற்ற வேண்டாம் என்பார்கள். ஆனால் விட்டு விட்டுப் பெய்யும் மழைக்கு நடுவே வெயிலும் காற்றும் மேற்பரப்பை உலர்த்திவிடும். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், இன்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. (போசோலானா கலந்த சிமென்ட்) வகைக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் விடாமல் காக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. நனைத்த சாக்கு போதும்.

உதிர்ந்த படியின் மேல் டைல்ஸ் அல்லது கிரானைட் ஒட்டி மறைப்பதும் நடக்கிறது. நீர் அடியில் சிக்கிக்கொள்ளும். பளபளப்பான கல் மழையில் வழுக்கும். தவிர, மேலே ஏற்றும் கனத்தால் படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறும். வயதானவர்களின் கால் தடுக்குவது இந்த வேறுபாட்டில்தான்.

எல்லாப் படியையும் இடித்துத்தான் ஆக வேண்டும் என்பதும் உண்மையல்ல. மூக்கு மட்டும் பொடிந்து உடல் உறுதியாக இருந்தால் ஒட்டு போதும். படி வீட்டைவிட்டு விலகிச் சாய்ந்திருந்தாலோ, அடியில் வெற்றிடம் தெரிந்தாலோ, கம்பிகள் பரவலாகத் தேய்ந்திருந்தாலோ இடிப்பதே சிக்கனம். புதிதாகக் கட்டும்போது மண்ணை இடித்து இறுக்கி, ஒவ்வொரு படிக்கும் வெளிப்பக்கம் சிறு வாட்டம் கொடுத்து, வீட்டுச் சுவரோடு சேரும் இடத்தை மீள்தன்மையுள்ள சீலன்டால் அடைக்க வேண்டும். தார் மேல் தார் போட்டு உயர்ந்துவிட்ட தெருக்களில் கீழ்ப்படி பாதி புதைந்திருக்கும். உயரக் கணக்கை இன்றைய தெரு மட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும். மழைநீர் வடிகாலுக்கு மேலும் நடைபாதையிலும் நீண்டிருக்கும் பழைய படியை அதே இடத்தில் மீண்டும் கட்டக் கூடாது. அந்த இடம் பொதுச்சொத்து. மனையின் எல்லைக்குள் அடங்கும்படி படியைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம்.