முதலாளிக்கும் "விடுங்க" என்று சொல்ல ஆள் வேண்டும்

வியாபாரப் பக்கத்தில் குதிரைக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பல வருடம் கடை நடத்தியும் எனக்கு விளங்காத ஒரு விடயம், லாகூரில் ஒரு போலோ மைதானத்தின் ஓரத்தில் ஒரு மணித்தியாலத்தில் விளங்கியது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரம் செய்யும் எங்களில் பலருக்குப் பாகிஸ்தான் புதிய இடமல்ல. இலங்கை - பாகிஸ்தான் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2005 ஜூனில் நடைமுறைக்கு வந்த பிறகு நானும் கராச்சி, பைசலாபாத், லாகூர் என்று வருடத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். 2013 பெப்ரவரியில் லாகூரில் நின்றபோது, நான் துணி வாங்கும் ஆலை முதலாளி, "இன்று பின்னேரம் எனக்கு ஒரு போட்டி இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றார். ஐம்பது வயதைத் தொட்டவர். கணக்குப் புத்தகத்தோடு பார்த்த மனிதரைத் தொப்பியும் முழங்கால் கவசமும் போட்டுக் குதிரை மேல் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது தவறு என்று பிறகுதான் தெரிந்தது.

ஆட்டம் எப்படி நடக்கிறது

லாகூர் போலோ கழகம் 1886இல் தொடங்கியது. முதலாளியின் மூத்த சகோதரர் என் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் விளக்கினார்.

ஒரு பக்கத்துக்கு நான்கு பேர். மைதானம் 300 யார் நீளம், 160 யார் அகலம். கிட்டத்தட்ட 10 ஏக்கர். கோல் கம்பங்களுக்கு இடையில் 8 யார். ஆட்டத்தைச் 'சக்கர்' என்று பிரிக்கிறார்கள். ஒரு சக்கர் ஏழு நிமிடம். அன்று நான்கு சக்கர். ஒவ்வொரு சக்கருக்கும் குதிரை மாற வேண்டும், ஏனென்றால் அந்த ஓட்டத்தை ஒரே குதிரையால் தொடர்ந்து தாங்க முடியாது. இளைப்பாறிய குதிரை பிறகு இன்னொரு சக்கருக்கு வரலாம். கோல் விழுந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறிக்கொள்ளும். காற்றும் வெயிலும் ஒருவருக்கு மட்டும் சாதகமாக இருக்கக் கூடாது என்பதற்காக.

நான்கு பேருக்கும் முதுகில் இலக்கம் உண்டு, ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு வேலை. 1 முன்னால் போய்க் கோல் போட வேண்டியவர். 2 அவருக்குத் துணையாகப் பந்தைப் பறிப்பவர். 3 ஆட்டத்தை நடத்துபவர். பெரும்பாலும் அணியில் மிகத் திறமையானவர் அங்கேதான். 4 பின்னால் கோலைக் காப்பவர். ஒவ்வொருவருக்கும் எதிரணியில் ஓர் ஆள் கணக்கு: நமது 1, எதிரியின் 4ஐப் பிடிக்க வேண்டும், நமது 2, எதிரியின் 3ஐ.

"முதலில் ஆள், பிறகு கோடு, கடைசியில்தான் பந்து" என்றார் சகோதரர். கோடு என்றால் பந்து ஓடும் பாதை. அந்தப் பாதையில் உரிமையோடு வருபவரின் குறுக்கே குதிரையைப் போடுவது பெரிய குற்றம். முழு வேகத்தில் இரண்டு குதிரைகள் மோதினால் உயிர் போகும் என்பதால் அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

எல்லோருக்கும் ஒரு மதிப்பு

போலோவில் ஒவ்வொருவருக்கும் -2 முதல் 10 வரை ஒரு மதிப்பு கொடுத்திருக்கிறார்கள். ஹென்டிகெப் என்பார்கள். அதைக் 'கோல்' என்ற பெயரில் எண்ணுவார்கள்; அவர் போடும் கோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது அவருடைய தரம். பெரும்பாலானோர் 2க்கு மேல் வராமலே ஆடி முடிக்கிறார்கள். 10 என்பது உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்கு மட்டும்.

போட்டிக்கு ஓர் உச்ச வரம்பு வைப்பார்கள். பிரிட்டனின் கோல்ட் கப் போட்டியில் நால்வரின் மதிப்பும் சேர்ந்து 22ஐத் தாண்டக் கூடாது. பத்துக் கோல்காரர் இருவரைப் பிடித்தால் மற்ற இருவருக்கும் மிச்சம் இரண்டே இரண்டு. எவ்வளவு பணம் இருந்தாலும் நான்கு சிங்கங்களை ஓர் அணியில் சேர்க்க முடியாது. டுபாய் வர்த்தகர் அலி அல்பவார்தியின் 'டுபாய்' அணிக்காக ஆர்ஜென்டினாவின் அடொல்போ கம்பியாசோ ஆடினார். அந்த அணி 2010இல் கோல்ட் கப்பை வென்றது. கம்பியாசோவைப் போன்ற ஒருவரை எடுத்த பிறகு, மீதி இடங்களில் யாரை வைப்பது என்பதில்தான் அணி நடத்துபவரின் கெட்டித்தனம் இருக்கிறது.

அன்றைய போட்டி சிறியது. எங்கள் முதலாளியின் அணி மொத்தம் 8, எதிரணி 6. வித்தியாசம் 2. அதைச் சக்கர் எண்ணிக்கையால் பெருக்கி 6ஆல் பிரிக்க வேண்டும்: 2 x 4 = 8, 6ஆல் பிரித்தால் ஒன்றும் மூன்றில் ஒன்றும். மிச்சமாக வரும் பின்னத்தை அரைக் கோலாக எடுப்பார்கள். ஆக, ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரணிக்கு ஒன்றரைக் கோல் பலகையில் எழுதப்பட்டது. பலமான பக்கம் கடனோடு தொடங்குகிறது!

"உங்கள் தம்பிக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டேன்.

"பூச்சியம்" என்றார் சிரித்துக்கொண்டே.

குதிரைகள் அவருடையவை. சாயிஸ்மாருக்குச் சம்பளம் அவர் கொடுப்பது. 3ஆம் இலக்கத்தில் ஆடிய இருபத்தைந்து வயது இளைஞர் அவரிடம் காசு வாங்கி ஆடுபவர், மதிப்பு 5. ஆனால் மைதானத்துக்குள் போன பிறகு உத்தரவு போடுவது அந்த இளைஞர். கேட்டு நடப்பது முதலாளி. போலோ உலகில் இது விசித்திரமல்ல, வழக்கம்.

"விடுங்க!"

மூன்றாவது சக்கரில் அது நடந்தது. முதலாளி பந்தை நோக்கி முன்னால் ஓடுகிறார். பந்து அவருடைய குதிரையின் வலப்பக்கம், அடிக்க வாகான இடத்தில் கிடக்கிறது. பின்னாலிருந்து அந்த இளைஞர் கத்துகிறார்: "விடுங்க! ஆளைப் பிடிங்க!"

அதன் அர்த்தம் இது. நான் உங்களுக்குப் பின்னால் நல்ல வேகத்தில் வருகிறேன். பந்தை எனக்கு விட்டுவிட்டு, எனக்குத் தடையாக வரப்போகும் எதிரியின் 4ஆம் இலக்கத்தைத் தோளோடு தோள் சேர்த்து ஒதுக்குங்கள். முன்னால் போகிறவருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. பின்னால் வருபவருக்கு மைதானம் முழுதும் தெரியும்.

முதலாளி விடவில்லை. அடித்தார், தப்பிவிட்டது. பின்னால் வந்தவரின் குதிரையும் தடுமாறியது. எதிரியின் 4 பந்தைத் திருப்பி அடிக்க, அங்கே பிடிக்க ஆளில்லை. கோல் விழுந்தது. அந்த இளைஞர் எல்லோரும் கேட்க முதலாளியைச் சத்தம் போட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. எங்கள் கடையில் ஒரு சிப்பந்தி இப்படிப் பேசினால் மறுநாள் அவருக்கு வேலை இருக்குமா?

முதலாளி கையை உயர்த்தித் தவறை ஒப்புக்கொண்டு குதிரை மாற்றப் போனார்.

நான்காவது சக்கரில் அதே மாதிரி ஒரு பந்து, அதே சத்தம். இம்முறை அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. நேராக எதிரியின் 4ஐப் போய் ஒதுக்கினார். பின்னால் வந்தவர் ஒரே அடி. கோல்!

இருந்தும் தோற்றார்கள். இவர்களுக்கு 6, அவர்களுக்கு 6½. அரைக் கோலால். தேநீர் குடிக்கும்போது முதலாளி, "அந்த ஒன்று என்னுடைய கணக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த இளைஞரிடம் "அடுத்த ஆட்டத்தில் நான் எங்கே நிற்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் முகத்தில் கோபத்தையும் காணவில்லை, வெட்கத்தையும் காணவில்லை.

என்னுடைய கொன்டெய்னர்

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்தை நான் முன்பே ஒரு தடவை கேட்டிருந்தேன்.

2011இல் நோன்புப் பெருநாளுக்காக ஒரு கொன்டெய்னர் துணிக்கு ஓடர் கொடுக்கும் நேரம். எங்கள் கடையில் பதினான்கு வருடம் வேலை செய்த மெனேஜர் ஒருவர் இருந்தார். கண்டி, மாவனல்லை, கல்முனை, புத்தளம் என்று வெளியூர் வியாபாரிகள் வந்தால் முதலில் அவரிடம்தான் பேசுவார்கள். நான் கடும் நிறத்தில் தடித்த எம்ப்ரொய்டரித் துணியைத் தெரிவு செய்தேன். சாம்பிளில் அழகாக இருந்தது, விலையும் குறைத்துத் தந்தார்கள். அவர் சொன்னார்: "நானா, வாரவங்க எல்லாரும் மெல்லிய லோன் துணிதான் கேக்கிறாங்க. இது ஓடாது. விடுங்க."

மூன்று தடவை சொன்னார். மூன்றாம் தடவை, சேல்ஸ்மேன்மார் எல்லோரும் நிற்க, "கடை யாருடையது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேசாமல் போய்விட்டார். துணி வந்தது. பாதிக்கு மேல் அப்படியே தங்கியது. இரண்டு வருடமாகக் கொள்விலைக்கும் குறைவாக விற்றுத் தீர்த்தேன். ஆனால் நான் சொல்ல வந்த நட்டம் அதுவல்ல. அன்றைக்குப் பிறகு அவர் எனக்கு எதையும் 'விடுங்க' என்று சொல்லவில்லை. கேட்டால், "நானா விருப்பம் போல செய்ங்க" என்பார். பின்னாலிருந்து வந்த சத்தம் நின்றுவிட்டது. 2012இல் மரியாதையாகச் சொல்லிவிட்டு விலகி, அடுத்த தெருவில் சிறிதாக ஒரு கடை போட்டார்.

லாகூரிலிருந்து வந்ததும் அவரைத் தேடிப் போய் மாப்புக் கேட்டேன். "அத நான் எப்பவோ மறந்திட்டன் நானா" என்று பிளேன்டீ வரவழைத்துத் தந்தார். கடை நிறைய ஆட்கள். திரும்பி வரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

குதிரைக்குத் தெரியாது

ஊர் திரும்பும் முன் லாகூர் அனார்கலி கடைத்தெருவின் பக்கத்தில் ஓர் அடக்கத்தலத்தைக் காட்டினார்கள். டில்லி சுல்தான் குத்புதீன் ஐபக். 1210இல் லாகூரில் இதே ஆட்டத்தை, அந்தக் காலத்தில் 'சௌகான்' என்பார்கள், ஆடும்போது குதிரையோடு விழுந்து இறந்தவர். மேலே இருப்பவர் சுல்தானா, சாயிஸா என்று குதிரைக்குத் தெரியாது. பந்துக்கும் தெரியாது. சந்தைக்கும் அப்படித்தான். ஓடாத துணி, முதலாளி தெரிவு செய்தது என்பதற்காக ஓடாது.

நான் இப்போது செய்வது

1. கடையில் யாருக்கு எந்த இலக்கம் என்று தீர்மானித்துவிட்டேன். கொள்வனவில் 3ஆம் இலக்கம் நானல்ல. வெளியூர் வியாபாரிகளோடு தினமும் பேசும் பையன். கடன் கொடுப்பதில் கணக்கப்பிள்ளை. என் மகன் உட்பட எல்லோருக்கும் இது தெரியும்.

2. அவர் தன்னுடைய விடயத்தில் "விடுங்க" என்றால் விடுகிறேன். காரணத்தைப் பிறகு கேட்பேன். எல்லோருக்கும் முன்னால் மறுத்துப் பேசுவதில்லை.

3. பந்தை விட்டதோடு என் வேலை முடியவில்லை. எனக்குரிய ஆளைப் பிடிக்க வேண்டும். வங்கி, சுங்கம், ஆலைக்காரரோடு தவணை பேசுவது, இவை நான் ஒதுக்கித் தர வேண்டிய தடைகள். சும்மா இருந்துகொண்டு "நான் அவரிடம் விட்டுவிட்டேன்" என்று சொல்வது போலோவிலும் குற்றம்தான்.

4. ஆட்களுக்கும் இளைப்பாறுதல் வேண்டும். பெருநாள் காலம் முழுதும் ஒரே பையனை இரவு பகலாக நிறுத்துவது, நான்கு சக்கருக்கும் ஒரே குதிரையை ஓட்டுவது போல. முறை வைத்து மாற்றுகிறேன்.

இதில் நட்டமே வராது என்று சொல்ல மாட்டேன். 2016இல் பையன் "விடுங்க" என்று சொன்ன ஒரு துணியைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்து நன்றாக விற்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அன்று ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் அடுத்த தடவை அவன் வாய் திறந்திருக்க மாட்டான். ஐந்து கோல்காரரும் சில பந்துகளைத் தவறவிடுகிறார். பூச்சியக் கோல்காரர் அதற்காக அவருடைய இடத்தில் போய் நிற்பதில்லை.

முதல் போட்டவர் நாங்கள், நட்டம் வந்தால் எங்கள் தலையில்தான் என்பது உண்மை. லாகூர் முதலாளிக்கும் அப்படித்தான். இந்த வாரம் கடையில் நீங்கள் ஒன்றைச் சொல்லும்போது உங்கள் ஆட்களின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். கடைசியாக ஒருவர் உங்களிடம் "விடுங்க" என்று சொன்னது எப்போது என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் எப்போதும் சரியாகச் செய்கிறீர்கள் என்பது அதன் அர்த்தமாக இருக்க வாய்ப்பில்லை.