ஒரு வீட்டின் மொத்த வரி

அன்புள்ள தம்பி,

குடுபல்லி ரயில் ஸ்டேஷனில் நீ கேட்ட கேள்வி மனத்தைவிட்டுப் போகவில்லை: "ஐயா, ஒரு குடும்பத்திடம் மொத்தமாக இவ்வளவுக்கு மேல் வரி வாங்கக் கூடாதென்று சட்டம் உண்டா?" பக்கத்தில் ஒருவர், "சம்பளக்காரன்தானே வரி கட்டுகிறான்" என்றார். பொருளியல் படிக்கும் நீயும் தலையாட்டினாய். எனக்குப் பொறுக்கவில்லை. சோப்பிலும் பெட்ரோலிலும் கூலிக்காரர் கட்டுவது வரியில்லையா?

மொத்தத்துக்கு வரம்பு இல்லை. தொழில் வரிக்கு உண்டு. அரசியல் சாசனத்தின் 276-ஆம் பிரிவே தொகையைச் சொல்கிறது. 1950-இல் ஆண்டுக்கு 250 ரூபாய். 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. நம் ஆந்திராவில் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்கு மேல் என்றால் மாதம் 200. அந்த வரம்பும் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல.

இந்த இடத்தில் உனக்குக் கொறுக்கைக் கல்வெட்டைச் சொல்லியே ஆகவேண்டும். 1429, விஜயநகர அரசர் இரண்டாம் தேவராயர் காலம். அரசு அதிகாரிகளும் நிலவுடைமையாளரான காணியாளரும் சேர்ந்து கசக்கிப் பிழிந்ததால் காவிரிக்கரையில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதிப் பிரிவு மக்களும் ஒன்றாகக் கூடினார்கள். தங்களுக்குள் பகை பாராட்டியவர்கள் அவர்கள்! நியாயமில்லாத வரியைக் கொடுப்பதில்லை, இன்னதற்கு இவ்வளவுதான் என்று தாங்களே முடிவுசெய்து கல்லில் வெட்டினார்கள். ஆடுதுறையிலும் திருவைகாவூரிலும் இதே செய்தி உண்டு. வரலாற்று ஆய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இவற்றைப் பற்றி எழுதியதை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். வரி வரம்பு அரசனின் கருணையால் வருவதில்லை, கொடுப்பவர்கள் கூடிக் கணக்குப் பார்த்தால்தான் வரும் என்பது என் உறுதியான எண்ணம். வரலாற்றை அரசர் பட்டியலாக மனப்பாடம் செய்கிறவர்களுக்கு இது புரியாது. நீ அப்படிப் படிக்காதே.

வரம்பு வைத்தால் மட்டும் போதுமா? பிரான்சு 2007-இல், ஒருவரின் நேரடி வரிகள் அவர் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாதென்றது. பெரும்பலன் பெரும் பணக்காரர்களுக்கே போனது. 2011-இல் அதை நீக்கினார்கள். பொருள்களின் மேலுள்ள வரி அந்தக் கணக்கில் சேரவே இல்லை. ஏழை வீட்டின் சுமையோ அதில்தான் இருக்கிறது.

ஆகவே ஒரு வேலை செய். உங்கள் வீட்டில் ஒரு மாதம் பஞ்சாயத்து ரசீது, கடை பில், பெட்ரோல் செலவு எல்லாவற்றிலும் உள்ள வரியைக் கூட்டி, வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று எழுது. கூலிக்குப் போகும் ஒரு வீட்டிலும், கடை வைத்திருக்கும் ஒரு வீட்டிலும் கேட்டு எழுது. மூன்றையும் கிராம சபையில் எழுந்து படி. மொத்தம் தெரியாத ஊரால் வரம்பு கேட்க முடியாது.

அன்புடன்,
உன் ஆசிரியன்