பழைய அம்பாசடரில் பெட்ரோல் அடைப்பா?

அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இன்றும் பல வீடுகளில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாள்பட நிறுத்திவைத்த பெட்ரோல் வண்டி திக்கித் திக்கி நின்றால், எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். அடைப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகே கை வைக்க வேண்டும்.

1. ஐட்லிங்கில் சீராக ஓடும் வண்டி, மேட்டிலும் வேகத்திலும் மட்டும் இழுக்க மறுத்தால், பெட்ரோல் வரத்து குறைந்திருக்கலாம்.

2. வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போய், வண்டி மறுபடி கிளம்பினால், அடைத்திருப்பது டேங்கின் காற்றுத் துளைதான்.

3. குழாயைக் கழற்றும் முன் இன்ஜின் ஆற வேண்டும். திறந்தவெளியில் வேலை செய்யுங்கள். தீ, புகை பக்கத்தில் கூடாது. பெட்ரோலை வாயால் உறிஞ்சவே கூடாது.

4. ஃபில்டரில் செம்பழுப்புத் தூள் தங்கியிருந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

5. காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டு நன்றாகப் பீய்ச்சினால் பம்ப் வரை பழுதில்லை, கார்புரேட்டரைப் பாருங்கள்.

6. பீய்ச்சவில்லையா? பம்புக்குள் வரும் குழாயைக் கழற்றி, வேறொரு ஹோஸால் பெட்ரோல் கேனிலிருந்து இழுக்க விடுங்கள். இப்போது பீய்ச்சினால் கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். அப்போதும் வராவிட்டால் பம்பின் டயஃப்ரம், வால்வைச் சோதியுங்கள்.

7. டேங்க் பக்க ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் சொட்டாமலே காற்றை இழுக்கும். அடைப்பு போலவே தெரியும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். அதைத் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள்.

8. இரும்புக் குழாயின் இரு முனையையும் கழற்றிவிட்டு, பம்ப் பக்கமிருந்து பின்னோக்கிக் குறைந்த அழுத்தத்தில் காற்றடியுங்கள். பம்ப் இணைந்திருக்கும்போது அடித்தால் டயஃப்ரம் கிழியும்.

9. ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

10. துரு கண்ட டேங்கை இறக்கிக் கழுவாவிட்டால் அடைப்பு திரும்பவும் வரும். கழுவிய பிறகும் உதிரும் தூள் ஃபில்டரில்தான் சேரும். சில நாள் ஓட்டியதும் அதை மறுபடி மாற்றிவிடுங்கள்.