கொண்டச்சியில் பாய், கொழும்பில் மெத்தை

கேள்வி: நானும் தோழியும் கம்பஸ் முடித்து நியமனத்துக்குக் காத்திருக்கிறோம். அந்த இடைவெளியில் மட்டக்களப்பில் புறப்பட்டு, கரையோரமாக இலங்கையைச் சுற்றி வருகிறோம். திருகோணமலை, முல்லைத்தீவு, யாழ்ப்பாணம், தலைமன்னார் எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கொண்டச்சியில் தோழியின் சாச்சி வீட்டில் நிற்கிறோம். இன்று 34ஆம் நாள், இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. பஸ், பாணும் பருப்பும், தெரிந்தவர் வீட்டுப் பாய் என்று எல்லாம் கணக்குப்படிதான் போகிறது. ஆனால், ஒரு நாளாவது நல்ல ஹோட்டலில் படுக்க வேண்டும் போலிருக்கிறது. மன்னார்த் தீவில் ஓர் இடமும் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு இரவுக் காசில் பத்து நாள் சுற்றலாம், இதென்ன புது ஆட்டம் என்று தோழி சண்டை பிடிக்கிறாள். யார் சொல்வது சரி?

– ஒரு வாசகி, மட்டக்களப்பு

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் மன்னாரில் வேண்டாம்.

இந்த ஆசைக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு முன்பே ஒருவர் அதே கரையில் அதை அனுபவித்திருக்கிறார். கொண்டச்சியிலிருந்து வடக்கே சிலாவத்துறையைத் தாண்டினால் அரிப்பு. 1660இல் கொட்டியாரக்குடாவில் பிடிபட்டு, கண்டி அரசில் ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், 1679 ஒக்டோபரில் அங்கேதான் வந்து சேர்ந்தார். கூட வந்தவர் ஒரே ஒரு கூட்டாளி. சில்லறைச் சாமான் விற்கும் வியாபாரிகள் போல ஊர் ஊராக நடந்து, அநுராதபுரம் கடந்து, அருவியாற்றங்கரைக் காட்டுக்குள்ளால் இறங்கி, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். பிறகு ஒல்லாந்தர் அவர்களை வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார்கள். தரையில் குந்தி இலையில் சாப்பிட்டே பழகிப்போனவர்களுக்கு, கதிரையில் அமர்ந்து பீங்கான் கோப்பையில் சாப்பிடுவது விசித்திரமாக இருந்ததாம். இத்தனை வருடம் பட்டதையெல்லாம் எழுதிய மனிதர், அந்தக் கதிரையையும் கோப்பையையும் மறக்காமல் எழுதியிருக்கிறார். தினமும் அதே மேசையில் சாப்பிட்ட ஒல்லாந்தர் யாரும் அதைப் பற்றி எழுதியதாக நான் படித்ததில்லை.

முப்பத்து நாலு நாள் பாயில் படுத்த உங்கள் முதுகுக்கு ஒரு மெத்தை என்ன தரும் என்பது, வீட்டிலிருந்து காரில் நேரே ஹோட்டலுக்கு வருகிறவருக்குத் தெரியாது. அந்தச் சுகத்துக்கான பாதி விலையை நீங்கள் ஏற்கனவே உடம்பால் கட்டிவிட்டீர்கள் என்று தோழியிடம் சொல்லுங்கள்.

அப்படியானால் ஏன் மன்னாரில் வேண்டாம்? அரிப்புக்குப் போய் 'டோரிக்' வீட்டின் இடிபாட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆங்கிலேய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென்று 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. பருத்த தூண்கள், பளபளக்கும் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சு. முத்துக்குளிப்புக் காலத்தில் கொண்டச்சிக்குடாவில் ஓலைக்கொட்டில்களால் ஒரு தற்காலிக நகரமே எழும்பும். கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கமிருந்தெல்லாம் குளியாட்கள் வந்து இறங்குவார்கள். காலம் முடிந்ததும் கொட்டில்களைப் பிரித்துக்கொண்டு ஊர் கலைந்துவிடும். கல்வீடு மட்டும் நிற்கும். இப்போது அதையும் கடல் துண்டு துண்டாக அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கரைக்குக் கொட்டில்தான் பொருத்தம் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மன்னார்ப் பக்கத்து நல்ல விடுதிகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது காற்றையும் பனங்கூடலையும் பறவையையும் அமைதியையும். அவை உங்களுக்குச் சும்மா கிடைக்கின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம். மாரி காலத்தில் அங்கே நிற்கும் பூநாரையைப் பஸ் யன்னலாலேயே பார்க்கலாம்.

இன்னொன்று, இதுதான் பெரிய காரணம். சாச்சி வீட்டில் தங்கிவிட்டு, அடுத்த நாளே மன்னாரில் ஹோட்டலுக்குப் போனால், நீங்கள் அறைக்குள் நுழையுமுன் செய்தி கொண்டச்சிக்கு வந்துவிடும். 'எங்கட வீட்டில என்ன குறை கண்டீங்க பிள்ளை?' என்று அவர் கேட்டால், மெத்தையைப் பற்றியா சொல்வீர்கள்? அங்கே இருக்கும்வரை அந்தப் பாயில் படுத்து, மீன்குழம்பு சாப்பிடுங்கள். எந்த ஹோட்டலிலும் அது கிடைக்காது.

ஆசையைக் கொழும்புவரை கொண்டுபோங்கள். அநுராதபுரம், புத்தளம், சிலாபம் என்று மெதுவாக இறங்கினால் ஒரு கிழமை. அங்கேதான் கதவைச் சாத்தினால் போதும் என்று இருக்கும்: புகை, இரைச்சல், மலிவு அறை என்றால் மூட்டைப்பூச்சி. கொழும்பை அடையும்போது உங்கள் பயணத்திலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். கடைசி நாளுக்கென்று வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். மறுநாள் வீட்டுக் கட்டிலே காத்திருக்கும்போது அந்த மெத்தை வீண். 1864 முதல் கடலைப் பார்த்து நிற்கும் கோல்ஃபேஸ் ஹோட்டலாகவும் இருக்கலாம், அதைவிடச் சின்னதாகவும் இருக்கலாம். நடுவில் காய்ச்சல் கீய்ச்சல் வந்தால் மட்டும் கொழும்புக்குக் காத்திராதீர்கள். எந்த ஊரானாலும் நல்ல அறை எடுத்துப் படுங்கள்.

பதிவு செய்யும்போது இலங்கையர் விலையைக் கேளுங்கள். பல ஹோட்டல்களில் வெளிநாட்டவருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. வரிகள் உட்பட எவ்வளவு என்பதையும் கேளுங்கள்: 10% சேவைக் கட்டணமும் அதன் மேல் 18% வற் வரியும் ஏறினால், 100 ரூபா ஏறக்குறைய 130 ஆகிவிடும். வார நடுவில் போங்கள்.

அறை பொதுவாகப் பிற்பகல் 2 மணிக்குத்தான் கையில் வரும், மறுநாள் 12 மணிக்குப் பறிபோகும். நான் ஒருமுறை இரவு ஒன்பது மணிக்குப் போய், விடிய ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடினேன். அந்தப் பணத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு சவர்க்காரக் கட்டி. காலை உணவைக்கூடத் தொடவில்லை. நீங்கள் 2 மணிக்கே வாசலில் நில்லுங்கள். அன்று கொழும்பில் எதையும் பார்க்கப் போகாதீர்கள். உடுப்பைச் சலவைக்குக் கொடுத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். சுடுதண்ணீரில் நீங்களே அலசிப் போடுங்கள்.

தோழியிடம் பாதிக் காசு கேட்க வேண்டாம். ஆசை உங்களுடையது, ஒருவர் படுத்தாலும் இருவர் படுத்தாலும் அறை விலையில் பெரிய வித்தியாசம் இராது. காலை பஃபேயில் அவள் எத்தனை தரம் எழும்பிப் போகிறாள் என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.