எந்திரம் நின்ற பொழுது

நுழையும்முன்

கற்பவர் தவறு செய்வது இயல்பு. அவர் நம்பிச் செலுத்தும் ஊர்தியே தவறினால் பொறுப்பு யாருடையது? ஒரு பயிற்சி விமானத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் வடிவமைத்த எச்பிடி-32 தீபக், 1984 முதல் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இந்திய விமானப்படையின் இளம் விமானிகளுக்கு முதற்பாடம் கற்பித்தது. பயிற்றுநரும் மாணவரும் அருகருகே அமர்ந்து செலுத்தும் அவ்விமானத்திற்கு இருந்தது ஒரே எந்திரம்.

நடுவானில் எந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் விழுந்துவிடுவதில்லை. முகப்பைத் தாழ்த்தி உரிய வேகத்தைக் காத்துக்கொண்டால், இறக்கைகள் தாங்க, அது சறுக்கியவாறே இறங்கும். அதற்குள் விமானி எந்திரத்தை மீண்டும் இயக்க முயல வேண்டும். இயலாவிடில் சமநிலம் ஒன்றைத் தேர்ந்து தரையிறக்க வேண்டும். உயரம் மிகுந்திருந்தால் இவற்றுக்குக் காலம் கிடைக்கும். தாழப் பறக்கையிலோ அக்காலம் சில நொடிகளாகச் சுருங்கிவிடும்.

தீபக்கின் எந்திரம் பறக்கும்போதே நின்றுபோன நிகழ்வுகள் பல. அது சறுக்கிச் செல்லும் திறனும் குறைவு. ஆபத்தில் விமானியை வெளியே உந்தி, வான்குடையால் இறக்கும் இருக்கையும் அதில் இல்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தனர். 2009 ஜூலை 31 அன்று மேதக் மாவட்டத்தில் நேர்ந்த விபத்தில் மாண்ட இருவரும் பயிற்றுநர்களே. மாணவரின் அனுபவக் குறைவு என்று கூறி அவ்விபத்தைக் கடந்துவிட இயலாது. அதன்பின் தீபக் பயிற்சிக்குப் பயன்படுத்தப்படவில்லை.

2013இல் சுவிட்சர்லாந்து நாட்டின் பிலாட்டஸ் பிசி-7 விமானங்கள் பயிற்சிக்கு வந்தன. நம் நாட்டில் உருவான எச்டிடி-40 விமானம் 2016 மே 31 அன்று முதன்முதலாகப் பறந்தது. விமானியை வெளியேற்றும் இருக்கை இவ்விரண்டிலும் உண்டு.

மாண்டவர்களின் துணிவைப் போற்றுகிறோம், அது தகும். ஆயினும், ஒரே குறை மீண்டும் மீண்டும் தோன்றும்போது துணிவை மட்டுமே நம்பியிருத்தல் முறையாகாது. முதல்முறை எந்திரம் நின்றபோதே அதற்கான காரணத்தை முழுமையாகக் கண்டு களைவது, அடுத்து ஏறவிருக்கும் மாணவருக்கு நாம் செலுத்தும் கடன்.

கற்பவை கற்றபின்

பள்ளி ஆய்வகத்தில் பழுதுற்ற கருவி ஒன்று தொடர்ந்து பயன்படுத்தப்படுவதைக் காண்கிறீர்கள். அதனைச் சரிசெய்யக் கோரித் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதுக.